இரண்டரை மணி நேரமா, பத்து மணி நேரமா?

பின்வரும் கட்டுரையை வாசித்து, தொலைவுக்கும் பயண நேரத்துக்கும் உள்ள தொடர்பை அறிக.

சபா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ளது தாவாவ் நகரம். ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணி இருபது நிமிடம். அங்கு இருட்டத் தொடங்கியிருந்தது. கெடாவிலிருந்து மாற்றலாகி வந்து, அந்நகரின் பள்ளி ஒன்றில் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர், வாடகை வீட்டின் விளக்கைப் போட்டுவிட்டு மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அப்பொழுது கைப்பேசி ஒலித்தது. அலோர் ஸ்டாரிலிருந்து அவருடைய அக்காள் பேசினார்.

“தம்பி, அப்பா நம்மை விட்டுப் போய்விட்டாரப்பா.”

சிறிது நேரம் இருவராலும் பேச முடியவில்லை. பிறகு அக்காள் தம்மைத் தேற்றிக்கொண்டு தொடர்ந்தார். “நாளை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்துவிடலாம் என்று பெரியப்பா சொல்கிறார். மின்சுடலையில் நேரம் கேட்டுப் பதிய வேண்டும். இணையத்தில் பார்த்தேன். தாவாவிலிருந்து அலோர் ஸ்டாருக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான் என்று போட்டிருக்கிறது. இன்றிரவே வந்துவிடுவாய்தானே? கொள்ளி வைக்க வேண்டியவன் நீதானப்பா.”

ஆசிரியர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். நன்றாக இருட்டிவிட்டது. “அக்கா, எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். சரியாகக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பெரியப்பாவை நேரம் குறிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்,” என்றார்.

இரண்டரை மணி நேரம் என்று இணையம் காட்டியது பொய்யா? இல்லை. அது உண்மையான கணக்குதான். ஆனால், அக்காள் கேட்ட கேள்விக்கு அது விடை அன்று. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதற்கு முதலில் வரைபடத்தை விரிக்க வேண்டும்.

வரைபடத்தில் ஒரு நேர்கோடு

அலோர் ஸ்டார் விமான நிலையம் ஏறத்தாழ 6.2 பாகை வட அட்சரேகையிலும் 100.4 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் அமைந்துள்ளது. தாவாவ் விமான நிலையம் 4.3 பாகை வட அட்சரேகையிலும் 118.1 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. இரண்டுக்கும் இடையே கிழக்கு மேற்காக 17.7 பாகை இடைவெளி. வடக்குத் தெற்காக 1.9 பாகை இடைவெளி.

பூமத்திய ரேகைக்கு அருகில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அப்படியானால், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1,960 கிலோமீட்டர். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 210 கிலோமீட்டர். இவ்விரண்டையும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், பித்தாகரஸ் தேற்றத்தின்படி அதன் கர்ணம் ஏறத்தாழ 1,970 கிலோமீட்டர். இதுதான் இரு நகரங்களுக்கும் இடையிலான வான்வழித் தொலைவு. மிக நீண்ட தொலைவுகளுக்கு இந்த எளிய முறை பொருந்தாது. பூமி உருண்டையாக இருப்பதால், இரு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் வில்லாக அமையும். ஆயினும், பூமத்திய ரேகையை ஒட்டியுள்ள நம் நாட்டுக்குள் இரு கணக்குகளுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை.

இணையத்தில் உள்ள தொலைவுக் கணிப்பான்கள் செய்வதும் இதுதான். 1,970 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால், விடை இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம். அதைத்தான் அக்காள் இரண்டரை மணி நேரம் என்று படித்தார்.

அந்த நேர்கோட்டை வரைபடத்தில் வரைந்து பார்த்தால், அது கெடாவிலிருந்து கிளம்பித் தாய்லாந்தின் தென்கோடியைக் கடந்து, கிளந்தானைத் தொட்டு, தென்சீனக் கடலுக்குள் இறங்கும். பின்னர், 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. அதன்பின் புருணையைத் தாண்டி, போர்னியோவின் மலைகளுக்கு மேலாகச் சென்று தாவாவை அடையும். மொத்தத் தொலைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல். ஒரே நாட்டின் இரு ஊர்களுக்கிடையே இத்தனை பெரிய கடல் கிடப்பதால்தான் தீபகற்பத்திலிருந்து சபாவுக்கும் சரவாக்கிற்கும் செல்வோர் விமானத்தையே நம்பியிருக்கின்றனர்.

இந்தத் தொலைவின் இன்னோர் அடையாளத்தை அந்த மாலையே காட்டியது. தாவாவில் இருட்டிவிட்ட அதே நேரத்தில், அலோர் ஸ்டாரில் அக்காள் நின்றிருந்த வாசலில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம் எடுக்கும். 17.7 பாகைக்கு ஏறத்தாழ எழுபது நிமிடம். கடிகாரங்கள் மட்டும் இரு ஊர்களிலும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பு அவையும் வேறுபட்டிருந்தன. அன்றுதான் தீபகற்பம் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு இணைந்துகொண்டது.

நேர்கோட்டில் பறக்க முடியாதது ஏன்?

வரைபடத்தில் எளிதாக வரைந்த கோட்டில் பயணம் செய்ய முடியாததற்கு முதற்காரணம், அலோர் ஸ்டாருக்கும் தாவாவுக்கும் இடையே நேரடி விமானச் சேவை இல்லாததுதான். இதனை விமான நிறுவனங்களின் அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. நீண்ட தொலைவு பறக்கும் ஜெட் விமானம் ஒன்றில் 150 முதல் 180 இருக்கைகள் வரை இருக்கும். அலோர் ஸ்டாரிலிருந்து தாவாவுக்கே செல்ல வேண்டியவர்கள் நாள்தோறும் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள். பாதி வெறுமையாகப் பறக்கும் விமானம் எரிபொருள் செலவைக்கூட ஈட்டாது.

இதற்குத் தீர்வாக அமைந்ததே மைய விமான நிலைய முறை. பத்துச் சிறுநகரங்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க வேண்டுமானால் 45 வழித்தடங்கள் தேவை. அவை அனைத்தையும் நடுவில் உள்ள ஒரு பெருநகரத்தோடு இணைத்தால் பத்தே வழித்தடங்கள் போதும். மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகள் நடுக்குடத்தில் சேர்வதைப் போன்ற அமைப்பு இது. ஒரு கம்பியின் முனையிலிருந்து இன்னொரு கம்பியின் முனைக்குச் செல்ல விரும்புபவர் நடுக்குடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நம் நாட்டில் அந்த நடுக்குடம் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம். 1998இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில், 2014இல் இரண்டாவது முனையமும் சேர்ந்தது.

தாவாவிலிருந்து சிப்பாங் ஏறத்தாழ 1,830 கிலோமீட்டர். சிப்பாங்கிலிருந்து அலோர் ஸ்டார் ஏறத்தாழ 410 கிலோமீட்டர். மொத்தம் 2,240 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட 270 கிலோமீட்டர்தான் கூடுதல். வானில் அது இருபது நிமிடத் தொலைவு. அப்படியிருக்க, பயணம் ஏன் பல மணி நேரம் நீள்கிறது?

வானில் செல்லும் நேரமும் தரையில் செல்லும் நேரமும்

ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்பது உண்மை. ஆனால், அந்த வேகம் உயரே சென்றபிறகுதான். புறப்படும் விமானம் முதலில் தரையில் மெதுவாக ஊர்ந்து ஓடுபாதையை அடைய வேண்டும். முன்னே வேறு விமானங்கள் இருந்தால் காத்திருக்க வேண்டும். மேலெழுந்த பிறகும் பத்தாயிரம் அடி உயரத்தைத் தாண்டும்வரை, பொதுவாக மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கக் கூடாது. இறங்கும்போதும் அவ்வாறே. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை காட்டும் வழித்தடத்தில்தான் செல்ல வேண்டும்; கருமேகக் கூட்டம் எதிர்ப்பட்டால் சுற்றிப் போக வேண்டும்.

எனவே, தொலைவை வேகத்தால் வகுத்து வரும் விடையோடு அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வது நல்ல வழக்கம். தாவாவ் – சிப்பாங் பயணத்திற்கு இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்தோடு முப்பது நிமிடம் சேர்த்தால், ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். சிப்பாங் – அலோர் ஸ்டார் பயணத்திற்கு அரை மணி நேரத்தோடு அரை மணி நேரம் சேர்த்தால் ஒரு மணி நேரம். பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரமும் ஏறத்தாழ இதுவாகவே இருக்கும். ஏனெனில், விமான நிறுவனங்கள் சக்கரம் அசையத் தொடங்கிய கணம் முதல் மீண்டும் நிற்கும் கணம் வரையிலான நேரத்தையே குறிப்பிடுகின்றன.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 410 கிலோமீட்டர் செல்ல ஒரு மணி நேரம். 1,830 கிலோமீட்டர் செல்ல இரண்டே முக்கால் மணி நேரம். தொலைவு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. நேரமோ மூன்று மடங்குகூட ஆகவில்லை. பயணம் குறுகக் குறுக, ஏறுவதிலும் இறங்குவதிலும் ஊர்வதிலும் கழியும் நேரமே பெரும்பங்காகிவிடுகிறது.

எஞ்சிய நேரம் தரையில் கரைகிறது. தாவாவ் விமான நிலையம் நகருக்குள் இல்லை. 2001இல் திறக்கப்பட்ட இன்றைய நிலையம், நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கு இருப்பது பாதுகாப்பு. பயணப் பதிவு முகப்பை முன்னதாகவே மூடிவிடுவார்கள். நடுவழியில் சிப்பாங்கில் இறங்கி, அடுத்த விமானத்திற்குக் காத்திருக்க வேண்டும். ஒரு முனையத்தில் இறங்கி மற்றொரு முனையத்தில் ஏற வேண்டியிருந்தால், இரண்டுக்கும் இடையே இரயிலில் செல்ல வேண்டும். அலோர் ஸ்டார் விமான நிலையமும் நகருக்கு வடக்கே கெப்பாலா பத்தாஸில்தான் இருக்கிறது.

தாளில் போட்ட கணக்கு

தாவாவில் அந்த ஆசிரியர் மாணவரின் பயிற்சிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். கண்ணீர் எழுத்துகளை மறைத்தது. துடைத்துக்கொண்டு எழுதினார்.

அன்றைய கடைசி விமானத்திற்கான பதிவு முடிந்துவிட்டது. எனவே, மறுநாள் காலை ஏழரை மணி விமானம்தான் முதல் வழி.

வீட்டிலிருந்து புறப்படுதல்: காலை மணி 4.45
தாவாவ் விமான நிலையம் சேர்தல்: காலை மணி 5.30
விமானம் புறப்படுதல்: காலை மணி 7.30
சிப்பாங் சேர்தல்: காலை மணி 10.15
அடுத்த விமானம் புறப்படுதல்: பிற்பகல் மணி 12.50
அலோர் ஸ்டார் விமான நிலையம் சேர்தல்: பிற்பகல் மணி 1.50
வீடு சேர்தல்: பிற்பகல் மணி 2.30

மொத்தம் ஒன்பதே முக்கால் மணி நேரம். அதில் விமானத்தில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம் மட்டுமே. எஞ்சிய ஆறு மணி நேரமும் தரையில். 2,240 கிலோமீட்டரை ஒன்பதே முக்கால் மணி நேரத்தால் வகுத்தால், சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர்.

விரைவாகச் செல்ல இன்னொரு வழியும் தென்பட்டது. சிப்பாங்கிலிருந்து பதினொன்றே கால் மணிக்குப் பினாங்கிற்கு ஒரு விமானம் இருந்தது. பன்னிரண்டே காலுக்கு இறங்கி, அங்கிருந்து காரில் அலோர் ஸ்டாருக்குச் சென்றால் இரண்டு மணிக்கு வீட்டை அடைந்துவிடலாம். அரை மணி நேரம் மிச்சம். மனம் அந்த வழியைத்தான் நாடியது. ஆனால், அவர் நிதானித்தார். தாவாவ் விமானம் பத்தே காலுக்கு இறங்கினால், அடுத்த விமானத்திற்கு ஒரு மணி நேரமே இடைவெளி. முதல் விமானம் அரை மணி நேரம் தாமதித்தாலும் இரண்டாவது விமானம் கைநழுவிப் போகலாம். பினாங்கு விமானம் வேறு நிறுவனத்தினுடையது. தனிச்சீட்டாக வாங்க வேண்டும். ஒரே பதிவில் வாங்கிய பயணம் என்றால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் அனுப்பிவைக்கும் பொறுப்பு நிறுவனத்திற்கு உண்டு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு பயணியின் தலையில்தான்.

அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய், அப்பாவின் முகத்தையே பார்க்க முடியாமல் போகலாம். பதறாத காரியம் சிதறாது. ஆசிரியர் அலோர் ஸ்டார் விமானத்தையே தேர்ந்தெடுத்து, இரண்டு பயணங்களையும் ஒரே பதிவில் வாங்கினார். பிறகு அக்காளை அழைத்தார்.

“அக்கா, இன்றிரவு வர முடியாது. நாளை பிற்பகல் இரண்டரைக்கு வீட்டில் இருப்பேன். தாமதமானாலும் மூன்று, மூன்றே காலுக்குள் வந்துவிடுவேன். பன்னிரண்டு மணிக்கு வைத்தால் என்னால் அப்பாவைப் பார்க்க முடியாது. நான்கு மணிக்கு எடுக்கலாமா என்று பெரியப்பாவைக் கேளுங்கள்.”

“இரண்டரை மணி நேரம் என்றுதானே போட்டிருந்தது, தம்பி?”

“அது விமானம் பறக்கும் கணக்கு, அக்கா. நான் வீடு வந்து சேரும் கணக்கு வேறு.”

அக்காள் மறுபேச்சுப் பேசவில்லை. பெரியப்பாவும் ஒப்புக்கொண்டார். மின்சுடலையில் மாலை நான்கரை மணி பதியப்பட்டது.

சில நிமிடங்களே வானில், ஒரு நாளே தரையில்

சிறுநகர விமான நிலையங்களின் மதிப்பை வேறோர் இடத்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் பாரியோ என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கு விளையும் அரிசி பெயர்பெற்றது. கடற்கரை நகரமான மீரியிலிருந்து அது ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவுதான். அலோர் ஸ்டார் – சிப்பாங் தொலைவில் பாதிகூட இல்லை. ஆனால், காட்டு மரங்களை ஏற்றிச்செல்லும் கரடுமுரடான பாதையில் நான்கு சக்கர இயக்க வண்டியில் சென்றால், பத்து மணி நேரத்திற்கு மேலாகும். மழை பெய்து பாதை சேறானால் இன்னும் கூடும்.

அவ்வூருக்குப் பத்தொன்பது இருக்கைகள் கொண்ட டுவின் ஒட்டர் என்னும் சிறு விமானம் பறந்து வந்திருக்கிறது. அது ஜெட் விமானம் அன்று. இரண்டு சுழல்விசிறிகளால் இயங்குவது. ஜெட் விமானத்தின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் வேகம். ஆயினும், குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்கக்கூடியது. பாரியோவுக்கு அது ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடும். சிறு விமானம் என்பதால் எடை முக்கியம். பயணப்பைகளை மட்டுமன்றிப் பயணிகளையும் தராசில் நிறுத்தி எடை பார்ப்பார்கள். மலைமீது மூடுபனி இறங்கினால் அன்றைய பயணம் தடைபடும். அவ்வூர் மக்களிடம் “மீரி எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், கிலோமீட்டரில் விடை சொல்வதில் பொருளில்லை. விமானம் வந்தால் ஒரு மணி நேரம். வராவிட்டால் ஒரு நாள். மகப்பேற்றுக்குச் செல்லும் தாய்க்கும், தேர்வெழுதச் செல்லும் மாணவனுக்கும், அந்த வேறுபாடு வெறும் எண்ணிக்கை அன்று.

இவ்வாறு நோக்கினால் தொலைவு என்பது மூன்று வகைப்படும் எனலாம். முதலாவது, வரைபடத்தில் அளக்கும் தொலைவு, அது மாறாதது. இரண்டாவது, விமானம் உண்மையில் பறக்கும் தொலைவு. அது வழித்தடத்தையும் வானிலையையும் பொறுத்தது. மூன்றாவது, ஒருவர் தம் வீட்டு வாசலிலிருந்து மறுவீட்டு வாசலை அடைய ஆகும் நேரம். அதனை நேரத் தொலைவு எனலாம். ஒரு நாளைக்கு எத்தனை விமானங்கள் உள்ளன, கடைசி விமானம் எப்பொழுது, நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பவையே இந்த மூன்றாவது தொலைவைத் தீர்மானிக்கின்றன. பெருநகரத்தில் வாழ்வோர் இதனை அவ்வளவாக உணர்வதில்லை. ஒரு விமானம் போனால் மறு விமானம் உண்டு. சிறுநகரங்களில் வாழ்வோருக்கோ, ஒரு விமானத்தைத் தவறவிடுவது ஒரு நாளையே தவறவிடுவதாகும்.

வாசலை அடைந்தபோது

வெள்ளிக்கிழமை காலை தாவாவில் கனமழை. ஏழரை மணி விமானம் எட்டு மணி பத்து நிமிடத்திற்குத்தான் கிளம்பியது. சிப்பாங்கில் இறங்கியபோது மணி 10.55. கதவு திறந்து வெளியே வந்து, அறிவிப்புப் பலகையை ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். பினாங்கு விமானத்திற்கு நேராக, நுழைவாயில் மூடப்படுகிறது என்ற அறிவிப்பு ஒளிர்ந்தது. அதற்கு மூன்று வரி கீழே அலோர் ஸ்டார் விமானம் இருந்தது. அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். முந்தைய மாலைக்குப் பிறகு அவர் வாயில் படும் முதல் உணவு அதுதான்.

அலோர் ஸ்டாரை அணுகும்போது சன்னலுக்குக் கீழே கெடாவின் நெல்வயல்கள் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தன. சிறுவயதில் அந்த வரப்புகளின் மீது அப்பாவின் மிதிவண்டியில் பின்னால் அமர்ந்து சென்றது அவருக்கு நினைவு வந்தது. அப்போதெல்லாம் பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம்தான் உலகிலேயே நீண்ட தூரமாகத் தோன்றும்.

பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்திற்கு, கார் வீட்டு வாசலில் நின்றது. அக்காள் ஓடிவந்து தம்பியின் கையைப் பற்றிக்கொண்டார். பெரியப்பா அவருடைய தோளில் கைவைத்து, “போய் அப்பாவைப் பாரப்பா. அவசரமில்லை. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது,” என்றார்.

ஆசிரியர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றார். அவருடைய சட்டைப்பையில், நான்காக மடித்த வெள்ளைத்தாள் இருந்தது. அதில் எழுதியிருந்த நேரத்திற்கும் அவர் வந்து சேர்ந்த நேரத்திற்கும் பத்து நிமிடமே வேறுபாடு.

கருத்துணர் கேள்விகள்

1. இணையக் கணிப்பான் காட்டிய இரண்டரை மணி நேரம் எவ்வாறு கணக்கிடப்பட்டது?

2. சிறுநகரங்களுக்கு இடையே நேரடி விமானச் சேவை இல்லாததற்கான காரணத்தை, மைய விமான நிலைய முறையோடு தொடர்புபடுத்தி விளக்குக.

3. ஆசிரியர் பினாங்கு வழியைத் தேர்ந்தெடுக்காததற்கான இரு காரணங்களை எழுதுக. அவர் செய்தது சரி என்று கருதுகிறீரா? உம் கருத்தை நிறுவுக.

4. ‘நேரத் தொலைவு’ என்பதனால் நீர் அறிவது யாது? பாரியோவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

5. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இப்பகுதியில் எவ்வாறு பொருந்துகிறது?

6. உம் வீட்டிலிருந்து சரவாக் மாநிலத்தின் சிபு நகருக்குச் செல்ல வேண்டுமென்று வைத்துக்கொள்க. வரைபடத்தின் உதவியுடன் வான்வழித் தொலைவைக் கணக்கிடுக. பிறகு, வாசல் முதல் வாசல் வரையிலான பயண நேரத்தை அட்டவணையாக எழுதுக.